காரணம்னு ஒரு கட்டம்

டெல்டாவுல டிராக்டர் விக்கிறவங்களுக்குச் சம்பளம் போடுறது கம்பெனி. வேலை நிலைக்குமா போகுமான்னு முடிவு பண்றது ஆத்துத் தண்ணி. தஞ்சாவூர் பைபாஸ்ல ஒரு ஷோரூம்ல பதினாலு வருஷமா இருக்கேன். போன்ல பேசுற பொண்ணா சேர்ந்து, இப்ப ஆறு பேருக்கு டீம் லீடர். காலையில மீட்டிங், மாசக் கடைசியில டார்கெட், நடுவுல "ஏன் முடிக்கல?"ங்கிற கேள்வி, இதெல்லாம் உங்களுக்கும் உண்டுன்னா வாங்க, பக்கத்துல உக்காருங்க. நாம சொந்தக்காரங்க. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன்: எதை ஆரம்பிச்சாலும் எனக்கு ஜாபர் பாய்கிட்டதான் போய் முடியும்.

ஒரே பதில்

எங்க ரிப்போர்ட் தாள்ல கடைசியா ஒரு கட்டம் உண்டு. "விற்காததற்குக் காரணம்". ஆரம்பத்துல அதுல ஊர்க்கதையெல்லாம் வரும். மேட்டூர் திறக்கல, மழை கெடுத்துருச்சு, மாமனார் வேணாம்னுட்டார். ஒருநாள் மேனேஜர் அத்தனை தாளையும் மேசையில போட்டு, "இனிமே இந்தக் கட்டத்துல ஒரே வார்த்தைதான் வரணும். 'நான்'. அவ்வளவுதான். ஆத்துல தண்ணி இல்லையா, பம்புசெட்டு வச்சிருக்கிறவனைத் தேடு"ன்னார்.

எல்லாரும் முணுமுணுத்தாங்க. எனக்கு மட்டும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. வலங்கைமான் பக்கம் எங்க ஊரு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவங்க வயல்ல நாத்துப் பறிச்சு நட்டவங்க. எதைக் கேட்டாலும் அப்பா, "நம்ம கையில என்ன தாயி இருக்கு"ம்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எல்லாம் என் கையிலதான் இருக்குன்னு முதல் தடவையா ஒருத்தர் சொல்றாரே! அன்னைக்கே கொட்டை எழுத்துல 'நான்'னு எழுதினேன். பக்கத்து நாற்காலி ஜாபர் பாய் எட்டிப் பார்த்தார். நாகூர்க்காரர், வளைகுடாவுல கிரேன் ஓட்டிட்டுத் திரும்பி வந்து எங்ககூட விற்பனையில சேர்ந்தவர், ஐம்பது வயசு. குடும்பத்தோட ஷோரூம்ல இருந்து பத்து நிமிஷ தூரத்துல வாடகைக்கு இருந்தார். தாளைப் பார்த்துட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஆத்துல தண்ணி விடாததுக்குமா நீ பொறுப்பு?"

நாற்காலி

அந்த 'நான்' என்னைத் தூக்கிவிட்டது நிஜம். பொய் சொல்ல மாட்டேன். போன் பேசுறதோட நிக்காம, ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா நானே போனேன். எங்க ஊர்லயே, அப்பா வேலை பார்த்த வயல்காரர் வீட்டுக்கும் போனேன். நோட்டீசைக் காட்டி விளக்கி முடிச்சதும், "நீ யாரு பொண்ணு?"ன்னு கேட்டார். அப்பா பேரைச் சொன்னேன். அவர் நோட்டீசை மடிச்சு ஓரமா வச்சார். அப்புறம் எழுந்துபோய் அவரே ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து போட்டார். "உங்கப்பன் வந்தப்பல்லாம் நான் உக்காரச் சொன்னதே இல்ல. நீ உக்காரும்மா."

மழைக்கும் பொறுப்பு

அடுத்த வருஷமே டீம் லீடர் ஆக்கிட்டாங்க. அந்தத் தை மாசம் பாருங்க, அறுப்புக்கு நின்ன சம்பா அத்தனையும் மழையில சாஞ்சு தண்ணிக்குள்ள கிடக்கு. கதிர்லயே முளை விட்டுருச்சு. எனக்கு டார்கெட் பேய் பிடிச்சிருந்துச்சு. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பெரியவருக்குப் போன் போட்டு, பழைய வண்டியைக் குடுத்துப் புதுசு எடுக்கிற ஆஃபரைச் சொன்னேன். "வயல்ல முழங்கால் தண்ணியில நிக்கிறேன் தாயி, படகு இருந்தா சொல்லு"ன்னு வச்சிட்டார்.

சாயங்காலம் ஜாபர் பாய் கட்டத்துல 'மழை'ன்னு எழுதியிருந்தார். என்னைவிட மூத்த மனுஷன். சிவப்புப் பேனாவால அதை அடிச்சுட்டு, "பாய், சாக்கு வேணாம்"னு தாளைத் திருப்பிக் குடுத்தேன். கோவிச்சுக்கல, சிரிச்சுக்கிட்டேதான் எழுதினார். "இந்தாங்க டீச்சரம்மா, மழையை நான்தான் பெய்ய வச்சேன்."

நாலு மணி

அதுக்கப்புறம் பாய் வேற எதுவுமே எழுதல. மூணு மாசம் ஒரு வண்டி விக்கல, மூணு மாசமும் 'நான்'. நானோ மீட்டிங்ல, "பாயைப் பாருங்க, சாக்குச் சொல்லாத மனுஷன்"னு எடுத்துக்காட்டா நிறுத்துவேன். இன்னொரு பக்கம் மேனேஜர், "அடுத்த மாசமும் இப்படின்னா அனுப்பிடு"ன்னு என்கிட்ட சொல்லியிருந்தார். அதைப் பாய்கிட்டயும் சொல்லிட்டேன்.

வாரத்துல ரெண்டு நாள் அவர் நாலு மணிக்கே கிளம்பிடுவார். அவர் சம்சாரத்துக்குச் சிறுநீரகம் ரெண்டும் கெட்டு, ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போயிட்டிருந்தார். இது பின்னாடி தெரிஞ்சது. அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மனுஷனுக்கு வேலையில மனசு இல்லைங்கிறதுதான். கூப்பிட்டு, "மனசு வச்சா முடியாதது இல்ல பாய். நாலு மணிக்கே ஓடினா எப்படி? என்ன காரணம்?"னு கேட்டேன். மேசையில இருந்த தாளையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "காரணம் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

டிரே

எங்க மீட்டிங்ல எல்லாரும் போனை ஒரு டீ டிரேயில போட்டுடணும். நான் கொண்டுவந்த சட்டம்தான். அன்னைக்குத் திங்கட்கிழமை. முன்னேற்றத்துக்கு நாமதான் பொறுப்புன்னு முழங்கிட்டிருந்தேன். டிரேயில ஒரு போன் விர்ருனு முனகி மத்த போன்களோட உரசிச்சு. பார்த்தேன். 'பானு'ன்னு பேரு, சின்ன வயசுப் படம், பாயோட மக. கடைசி நாற்காலியில பாய் பாதி எழுந்துட்டார். "அஞ்சு நிமிஷம் பாய்"னு கையைக் காட்டிட்டு, போனைக் கவிழ்த்து வச்சேன். திரும்ப அடிச்சுது. இன்னொரு தடவையும் அடிச்சுது. நான் நிறுத்தல. அந்த அஞ்சு நிமிஷம் அரைமணி நேரம் ஓடுச்சு.

முடிஞ்சதும் பாய் போனை எடுத்துப் பேசினார். பேசினார்னு சொல்ல முடியாது, கேட்டுக்கிட்டு நின்னார். அப்புறம் நேரா என்கிட்ட வந்தார். கேலி இல்லைங்க, அந்த மனுஷன் நிஜமாவே கேட்டார்: "மேடம், இன்னிக்கு லீவு வேணும். காரணம் சொல்லலாமா?"

மூணாம் நாள்

அவர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அந்தம்மா போயிட்டாங்க. அன்னைக்கே அடக்கத்துக்கு நாகூருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மூணாம் நாள் நாகூருக்குப் போனேன். "மன்னிச்சுடுங்க பாய்"னு சொல்லலாம்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போய், வாசல்லயே உடைஞ்சு அழுதுட்டேன். பாய்தான் என்னைத் தேத்தினார். உள்ளே பானு, உம்மாவோட துணியை மடிச்சுக்கிட்டிருந்தா. மூச்சு இழுத்தது, ஆட்டோ பிடிச்சது, உம்மா வழியெல்லாம் "வாப்பா வந்துட்டாங்களா"ன்னு கேட்டது, எல்லாத்தையும் தலை நிமிராமச் சொன்னா. என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். "மூணு தடவை அடிச்சேங்க்கா."

கடைசித் தாள்

பாய் திரும்பி வேலைக்கு வரல. ராஜினாமாத் தாள்ல டீம் லீடர் நிரப்ப வேண்டிய பகுதி ஒண்ணு உண்டு. அதுலயும் ஒரு கட்டம், "விலகக் காரணம்". எல்லாருக்கும் 'குடும்பச் சூழ்நிலை'ன்னு எழுதுவோம். நான் பேனாவை எடுத்தேன். இத்தனை வருஷத்துல மேனேஜர் சொன்ன அந்த ஒத்தை வார்த்தையை எத்தனையோ தடவை எழுதியிருக்கேன், ஒரு தடவைகூட வலிச்சதில்ல. 'நான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் தாளைப் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்ல, நிஜமாவே அவருக்குப் புரியல. "அது விற்பனைக்குச் சொன்னதும்மா. இதுக்கெல்லாமா எழுதுவாங்க?"

இப்பவும் தினம் காலையில மீட்டிங் நடத்துறேன், பொறுப்பைப் பத்தித்தான் பேசுறேன், ஆனா டிரேயில யாரோட போன் முனகினாலும் முதல்ல வாயை மூடுறது நான்தான்.