பேக்கப்பில் இல்லாத குரல்

நான் மஞ்சூரில் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். மெஷின் நின்றால் ஒயரைத்தான் பார்ப்பேன், எலுமிச்சம்பழம் தேட மாட்டேன். ஃபேக்டரிக்குப் பின்னால் வெள்ளைப் புடவையைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். இதைச் சொல்லும்போதே நீங்கள் ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் என் தம்பி செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயரைச் சொன்னாலே எனக்கு இன்னும் உடம்பு கொதிக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆடி மழையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். போன் போட்டேன், வந்துகொண்டே இருக்கிறேன் என்றான், அவன் வந்தபோது மண் மூடியாகிவிட்டது. லீவு கிடைக்கவில்லையாம். பெற்றவள் செத்ததற்கு லீவு தராத கம்பெனி உலகத்தில் உண்டா? இருந்தால் அந்த வேலையை எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

கருமாதிக்கு மறுபடி வந்தான். காரியம் முடிந்த மறுநாள் காலை, கம்பெனிக்கு ஏதோ அனுப்ப வேண்டும் என்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அது அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்காதே என்று திரையில் எழுதியே காட்டுகிறது. இவனுக்குப் பொறுக்கவில்லை. பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டான். அதோடு சரி. அதற்குப் பிறகு போட்டால் கறுப்புத் திரை, ரிப்பேர் செய்கிறேன் என்று ஒரு வட்டம் சுற்றும், அணைந்து மறுபடி எரியும், மறுபடி வட்டம்.

"ஃபார்மேட் போட்டா சரியாயிரும்ணே," என்றான் சாவகாசமாக.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அம்மாவின் குரல் இருந்தது. கோடையில் அம்மா கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு நாள் போனில் பதிவு செய்து அதில் ஏற்றியிருந்தேன். அந்த போனும் பிறகு தண்ணீரில் விழுந்து போய்விட்டது. நான் என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். போகட்டும் என்றிருந்தது.

என் மனைவி மல்லிகாதான் ஞாபகப்படுத்தினாள். அவள் மேட்டுப்பாளையத்துக்காரி, எவ்வளவு கோபத்திலும் மரியாதையாகப் பேசுவாள்.

"ஏனுங்க, கோடையில நீங்க ஒரு கருப்பு டப்பாவுல எல்லாத்தையும் ஏத்தி வெச்சீங்களே. அது என்னாச்சுங்க?"

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அம்மாவைப் பதிவு செய்த வாரமே கம்ப்யூட்டர் முழுவதையும் அதில் பேக்கப் எடுத்து, துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். கோபத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஃபேக்டரி ஆபீசுக்குப் போய் ஒரு பென் டிரைவில் வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்து, மத்தியானம் உட்கார்ந்தேன். பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோடையில் இருந்த நிலைக்கே எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற வேண்டும். பாதி ஏறும்போது கரண்ட் போனது. பக்கத்திலேயே குந்தா அணையில் கரண்ட் எடுக்கிறார்கள், ஊருக்கெல்லாம் போகிறது, எங்கள் வீட்டில் மட்டும் மழை தூறினால் போய்விடும். யூபிஎஸ் கத்துகிறது, நான் அதைவிட சத்தமாகத் திட்டுகிறேன். நல்லவேளை, யூபிஎஸ் அடங்குவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

ஏறி முடிந்து, கம்ப்யூட்டர் ஒழுங்காகத் திறந்தது. கோடையில் வைத்திருந்த படமே திரையில் இருந்தது. மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். பதிவை ஓடவிட்டேன்.

அம்மா பேச ஆரம்பித்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்த கதை. பாவாடைக்குள் ஒரு கோழியை ஒளித்துக்கொண்டு ஏறினாளாம், தலைமன்னார் தாண்டியதும் அது கத்திவிட்டதாம். "எங்கய்யாவுக்கு மூஞ்சி செத்துப்போச்சு, உடனே நானே கோழி மாதிரி கத்திக் காட்டுனேன்," என்று அம்மா சிரித்தாள். மல்லிகா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

அந்த இடத்துக்குப் பிறகு, சிலோனிலிருந்து வந்தவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் கேம்ப்புக்கு வந்ததைச் சொல்வாள். நானே பதிவு செய்தது, பல தடவை கேட்டது. ஆனால் அன்றைக்கு, சிரிப்பு நின்றதும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பதிவுக்குள். பின்னால் மழையும் கேட்டது. அம்மா சொன்னாள், "யாரோ கதவத் தட்டுறாக பாருடா."

அதற்கு என் குரல் பதில் சொன்னது.

"தட்டட்டும். அம்மா செத்தப்போ வராதவனுக்கு இந்த வீட்டுல என்ன வேலை?"

அம்மா உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் பதிவு அது. கோடையில், வெயிலில் எடுத்தது. எடுத்து மூடி வைத்த பிறகு அந்த டிஸ்க்கை யாரும் தொடவில்லை. என் கை தானாகவே போய்ப் பதிவை நிறுத்தியது. மல்லிகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் கேட்டிருக்கிறாள், முகத்திலேயே தெரிந்தது.

நாங்கள் ஒரு வார்த்தை பேசுவதற்குள் வாசல் கதவு தட்டப்பட்டது. நிஜமாகவே. மழை வலுத்திருந்தது.

"அண்ணே," என்றது செல்வத்தின் குரல். "குந்தா பாலத்துக்கிட்ட மரம் விழுந்து கெடக்கு. பஸ்ஸு போகல. கதவத் தெறண்ணே."

அவன் குரலைக் கேட்டதும் காலையில் வந்த கோபம் அப்படியே திரும்பி வந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லக்கூடாது என்றுகூட நினைக்க நேரமில்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது. "தட்டட்டும். அம்மா செத்தப்போ வராதவனுக்கு இந்த வீட்டுல என்ன வேலை?" அதே வார்த்தை, அதே ஏற்ற இறக்கம். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். அவன் தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றான்.

அன்று மாலை மூன்று பேருமாக உட்கார்ந்து பதிவை மறுபடி கேட்டோம். கோழிக் கதை வந்தது, அம்மா சிரித்தாள், மண்டபம் கேம்ப் வந்தது. கதவுச் சத்தமும் இல்லை, மழையும் இல்லை, என் குரலும் இல்லை. செல்வம் குனிந்தபடி கேட்டான், ஒரு பிரதியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு மறுநாள் போனான். நானும் மல்லிகாவும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இதோடு விட்டிருந்தால் காதில் ஏதோ கோளாறு, துக்க வீடு, தூக்கமில்லை என்று நானே உங்களுக்குச் சமாதானம் சொல்லியிருப்பேன். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லிகா சந்தைக்குப் போயிருந்தாள். அம்மா ஞாபகம் வந்து, பட்டப்பகலில் பதிவைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். மண்டபம் கேம்ப் கதையும் முடிந்தது. பதிவு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு யாரோ அழும் சத்தம். ஒரு ஆண் அழுகிறான். நான்தான்.

"செல்வம், எந்திரிடா. டேய், கண்ணத் தொறந்து பாருடா. எந்திரிடா."

அம்மாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. மறுபடி போட்டேன், அது இல்லை. எத்தனை தடவை போட்டும் இல்லை. மல்லிகாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, அவனிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம்தான் சொல்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் ஃபேக்டரியில் டீ குடிக்க விடும்போது அவனுக்கு போன் போடுகிறேன். "என்னண்ணே?" என்பான். "ஒண்ணுமில்ல," என்று வைத்துவிடுவேன். அண்ணனுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லித் திரிகிறானாம். எங்கே ஆறியது? அவன் செய்ததை நான் மன்னிக்கவும் இல்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் மணியடித்து அவன் எடுக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை, அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வருகிறது.

நேற்று அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கை பட்டு டம்ளர் கீழே விழுந்துவிட்டது. கடைசியில் எடுத்தான்.

"நைட் ஷிப்டுண்ணே," என்றான் கொட்டாவியோடு. "தூங்கிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் நிறையத் திட்டப் போனேன். நாக்கு நுனியில் முதலில் வந்து நின்ற வார்த்தை, எந்திரிடா.

பல்லைக் கடித்து அதை விழுங்கிவிட்டு, போனை வைத்தேன்.