துப்பாக்கிக்கு ஊட்டிய பால்கோவா

என் சின்ன மாமாவுக்கு வலது கண் கிடையாது. செண்பகத்தோப்புக் காட்டில் ஒரு கரடி அதைப் பிடுங்கிக்கொண்டு போனதாகச் சொல்வார். அந்தக் கரடி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனது. நான் ஒன்றாம் வகுப்பில் கேட்டபோது கன்றுக்குட்டி உயரம். நான்காம் வகுப்பில் மாட்டு வண்டியை மறிக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. நான் அப்படியே நம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வகுப்பில் கரடியிடம் கண்ணைக் கொடுத்த மாமா வேறு யாருக்கும் இல்லை.

மாமாக்கள் இருவரும் இராஜபாளையத்தில் ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடம், மலையடிவாரத்தில் மாந்தோப்பு. தாத்தா வேட்டைக்குப் போன காலத்தில் வாங்கிய பெரிய ரைபிள் ஒன்று லைசென்ஸோடு பெரிய மாமாவிடம் இருந்தது. யானையையே சாய்த்துவிடும் என்பார்கள். நான் சொல்வது எண்பதுகளின் நடுவில். வேட்டையைச் சர்க்கார் நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது, தாத்தாவும் இல்லை. அந்த ரைபிளுக்கு வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான் மிச்சம். ஆயுதபூஜை அன்று மாலை, தோப்புக்குள் இருந்த மண்மேட்டைப் பார்த்து ஒரு வெடி.

அதற்கான தோட்டா கடையில் கிடைப்பது நின்றுபோயிருந்தது. சுட்டுப்போட்ட பழைய பித்தளைக் கூடுகளையே பெரிய மாமா மறுபடி நிரப்புவார். மருந்தை நகைத் தராசில் நிறுப்பார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் பேசக்கூடாது, ஃபேன் போடக்கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடிவிட வேண்டும். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இம்புட்டு நேரம் பாக்கல" என்று அத்தை முணுமுணுப்பாள்.

ஏன் இத்தனை பாடு என்று ஒரு தடவை கேட்டேன். அடுப்பிலிருந்த குக்கரைக் காட்டினார்.

"உள்ள அழுத்தம் கூடுனா குக்கர் விசிலடிச்சு வெளிய விட்டுரும். இதுக்கு விசில் கெடையாது தாயி. மருந்து துளி கூடுனாலும், குண்டு போற வழி அடைச்சிருந்தாலும், அம்புட்டு அழுத்தமும் சுடுறவன் மொகத்துக்கிட்ட வந்து நிக்கும்."

வழி அடைப்பது என்றால் கல், மண் என்று நினைத்துக்கொண்டேன். தின்பண்டம் அதில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை.

நிரப்புவது பெரிய மாமா, சுடுவது சின்ன மாமா. இது மாறவே மாறாது. சின்ன மாமா இடது தோளில் வைத்துத்தான் சுடுவார். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையால், சுடுவது மட்டும் இடது பக்கம். அதுவும் அவருடைய வித்தைகளில் ஒன்று என்று இருந்தேன்.

அந்த வருஷம் காலாண்டு லீவுக்கு அம்மாவோடு போனபோது எனக்கு ஒன்பது வயது. பூஜைக்கென்று எங்கள் ஊர்ப் பால்கோவா ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தோம். பலகையில் தராசு, தையல் மிஷின், தறி நாடா, நடுவில் ரைபிள். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. ரைபிளின் குழலைப் பெரிய மாமா காலையிலேயே துடைத்து முடித்திருந்தார். பொட்டு வைத்துவிட்டால் வெடி போடும்வரை அதன்மேல் துணி படக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம்.

பூஜை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் பலகைக்கு முன்னால் இருந்தேன். தராசுக்கு வாய் இல்லை. தையல் மிஷினுக்கும் இல்லை. ரைபிளுக்கு மட்டும் வட்டமாக, அழகாக ஒரு வாய் இருந்தது. வாயை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பால்கோவாவை இரண்டு உருண்டையாக உருட்டி ஊட்டினேன். இறங்க மறுத்ததை ஊதுபத்திக் குச்சியால் தள்ளிவிட்டேன். அது என்னுடைய பங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பால்கோவா விஷயத்தில் நான் தாராளப் பிரபு அல்ல.

மாலையில் தோப்புக்குப் போனோம். பெரிய மாமா தோட்டாவை இட்டுத் தம்பியிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எப்போதும்போல இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். சின்ன மாமா ரைபிளை இடது தோளுக்குத் தூக்கினார். எனக்கு அதற்குமேல் ரகசியம் தாங்கவில்லை.

"மாமா, அதுக்குப் பால்கோவா பிடிச்சிருந்துச்சா?"

"எதுக்குத் தாயி?" என்றார் சின்ன மாமா.

"துப்பாக்கிக்கு. வாயில ரெண்டு உருண்டை ஊட்டிவிட்டேன்."

பெரிய மாமா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ரைபிளைப் பிடுங்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். பையிலிருந்த கம்பியில் கட்டுத்துணியைச் சுற்றிப் பின்னாலிருந்து தள்ளினார். முனையில் பால்கோவா பிதுங்கி வந்து மண்ணில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சின்ன மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினார். "அழாதண்ணே. இந்தத் தடவைதான் ஒண்ணும் ஆகலையே."

"வேண்டாம்லே. இதோட விட்ருவோம். என்னால முடியல."

"நீ போட்டுக் குடு. நீ நெறைச்சத நான்தான் சுடுவேன்."

பெரிய மாமா குழலை மூன்று முறை துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். அதே தோட்டாவை மறுபடி இட்டார். வெடித்தது. மாமரத்துக் காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. வெற்றுக் கூட்டை எடுத்து, அழுத்தம் கூடி அடிப்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று பெரிய மாமா வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்காண்ணே?" என்று தம்பி கேட்டதும் தலையை ஆட்டினார்.

கரடியே கிடையாது என்று அத்தை என்னிடம் சொன்னது, சின்ன மாமா காலமான வருஷம். அப்போது எனக்கே பிள்ளைகள் இருந்தார்கள். பெரிய மாமா இளவட்டத்தில் முதன்முதலாக நிரப்பிய தோட்டாவில் மருந்து கூடிவிட்டது. சுட்டவர் தம்பி. கூடு பிளந்து கண்ணில் அடித்துவிட்டது.

"அண்ணனை ஊரு பழி சொல்லிரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில கெடக்கையிலயே கரடிக் கதையக் கட்டிட்டாவ. பொறவு ஒடைஞ்ச அந்தத் துப்பாக்கியவே ஒக்கிட்டுச் சரிபண்ணி வச்சிக்கிட்டு, அண்ணன் நெறைச்சாத்தான் சுடுவேன்னு நின்னாவ. இல்லன்னா ஒங்க பெரிய மாமா என்னைக்கோ மனசொடிஞ்சு போயிருப்பாவ" என்றாள் அத்தை.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். தன் ஒரு கண்ணை வாங்கிய கையை நம்பி, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை ஒருவர் வருஷா வருஷம் அந்த ரைபிளருகே கொண்டுபோய் வைத்ததைப் பண்டிகை வெடி என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய மாமா அழுததற்கும் நானாக ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடி, "அழாதீங்க மாமா, பால்கோவா இன்னும் நெறைய இருக்கு" என்றேன்.