கணப்பு மாடத்தில் ஒரு புகையில்லா அடுப்பு

"பெண்ணுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இல்லை என்று தெரிகிறது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரமும் அழுத கண்ணாகவே இருந்தது. அழுகிற பெண்ணைக் கட்டிவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை."

12.2.1969 தேதியிட்ட அஞ்சலட்டை. இதே பொருளில் எங்கள் வீட்டுக்கு வந்தவற்றில் இது இரண்டாவது. முதல் அட்டையை அப்பா கிழித்துவிட்டதால் அதன் தேதியை என்னால் கொடுக்க முடியவில்லை.

அக்கா அழவில்லை. அது விறகுப் புகை. அப்பாவுக்கு ஏரிப் பராமரிப்பில் வேலை. ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே, ஏரிக்கரையில் இருந்த பழைய பங்களாவைத்தான் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டிய வெள்ளைக்காரர் எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது. விறகெரித்துக் குளிர்காய்வதற்காகச் சுவரில் பெரிய கணப்பு மாடம் கட்டியிருந்தார். அதுவும் ஒன்று போதாதென்று, கூடத்துக்கு ஒன்று, பின்னறைக்கு ஒன்று என்று முதுகோடு முதுகாக இரண்டு. இரண்டுக்கும் மேலே போகிற புகைக்கூண்டு மட்டும் ஒன்றே. தனியாக இருந்த சமையற்கட்டு 1965 மழையில் இடிந்தபின் பின்னறை மாடத்தில்தான் சமையல். கூடத்து மாடத்தை அம்மா ஒரு திரை போட்டு மறைத்துவிட்டார்.

முதலில் புகை அவ்வளவாகத் தெரியவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு பின்னறையில் நிற்க முடியாமல் போயிற்று. அப்பாவிடம் அதற்கு ஒரு விளக்கம் இருந்தது. "குளிர் தேசத்துக் கூண்டு. நம்ம ஊர் சூட்டுக்குப் புகை மேல ஏறாது."

மூன்றாவது வரன் ஆனியில் வருவதாகச் சொல்லியனுப்பியபோது அக்காவுக்கு இருபத்து நான்கு வயது முடிந்திருந்தது. அடுப்புக்கு எதிரே நின்றபடியே அப்பாவிடம் சொன்னார்.

"வேணாம்னு சொல்றதா இருந்தா என்னப் பாத்து சொல்லட்டும் நைனா. வெறகப் பாத்து சொல்ல வேணாம்."

அடுத்த வாரமே அப்பா ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தார். புகையில்லா அடுப்பு கட்டப் பிளாக் ஆபீசில் பயிற்சி பெற்றவர் என்று சொன்னார்கள். மாடத்துக்குள் செங்கல்லும் களிமண்ணும் வைத்து இரண்டு கண் அடுப்பு கட்டினார். அதன் பின்னாலிருந்து பழைய கூண்டுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகி, கீழேயிருந்தே மேலே தள்ளினார். மாடத்தின் முகப்பில் மிச்சமிருந்த இடைவெளியைச் சேறு பூசி அடைத்தார். பின்னறைப் பக்கம் ஒரு நூல் புகைகூட வர வழியில்லை. வேலை சுத்தம்.

"மேல வந்து முட்டிக்கிச்சு சார். ஒரு ஜாண் பைப்பு மிச்சம். பூந்தொட்டிக்கு ஆவும், வெச்சிக்கோங்க."

முட்டினால் முடிந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நானும்தான்.

"ஒரே ஒரு ஓலையக் கொளுத்திப் பாத்துடலாம் சார்" என்றார் மேஸ்திரி.

அப்பா பதறிப்போனார். "நல்ல நேரம் பாக்காம புது அடுப்புல நெருப்பு வெக்கறதா? யோவ், நீ கெளம்பு."

பஞ்சாங்கத்தைப் பார்த்ததில் 27.6.1969 வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல் பால் காய்ச்ச உத்தமம் என்று தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதும் அன்றைக்குத்தான். இரண்டு சுபகாரியம் ஒரே வேளையில் அமைந்ததை அப்பா பெரிய சகுனமாக எடுத்துக்கொண்டார். அதுவரை மூன்று வாரமும் சமையல் கொல்லையில், மூன்று கல் வைத்து. வெட்டவெளிக் காற்றில் அக்காவின் கண் பளிங்குபோல் வெளுத்துவிட்டது. இப்படியே விட்டால் போதுமே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன் நால்வரும் கூடத்துப் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பார்க்கிற வேலை. ஒன்பதேகாலுக்கு அம்மா பின்னறையில் கற்பூரம் காட்டி அடுப்பை மூட்டினார். பால் பொங்கியது. துளிப் புகை இல்லை. அம்மா அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டார்.

அக்கா காப்பித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது பாயில் இருந்த நால்வரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னாங்க, இந்த ஊட்ல எதனா நடக்கக் கூடாதது நடந்துச்சா? உள்ள வந்ததுலருந்து மனசு ஒரு மாதிரி ஆவுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாடத்துத் திரைக்குப் பின்னாலிருந்து புகை மெதுவாக எட்டிப் பார்த்தது. பிறகு வெட்கத்தை விட்டு வெளியே வந்தது. அக்கா தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பை அணைக்கப் பின்னறைக்கு ஓடினார்.

மாப்பிள்ளை எழுந்தார். திரையை விலக்கிக் கூடத்து மாடத்துக்குள் தலையை நீட்டினார். நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"யாரு அங்க?"

"நான்தான்" என்றது அக்காவின் குரல்.

"நான்னா?"

"நீங்க பாக்க வந்தீங்களே, அந்த நான்."

ஒரு இருமல். "வெறகு பச்சையா?"

"காஞ்ச சவுக்கு. ரெண்டு மாசம் வெயில்ல கெடந்தது."

"பைப்பு மேல வரிக்கும் போய்க்கீதா?"

"முட்டிச்சுன்னு மேஸ்திரி சொன்னாரு."

"எதுல முட்டிச்சு?"

"அத யாரும் கேக்கல."

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைக் கேட்டார். "டேய், பொண்ணு பாக்க வந்துட்டு கூண்டேறிப் போறியே, மானத்த வாங்காதடா!" என்று அவருடைய அம்மா கத்தினார். அவர் அதற்குள் மொட்டை மாடியில் இருந்தார். அங்கிருந்து புகைக்கூண்டின்மேல் தொற்றி, அதன் வாயை மூடியிருந்த, குழாய் முட்டி நின்ற ஒரு கடப்பாக் கல்லை இரண்டு கையாலும் நகர்த்தினார். குபீரென்று கிளம்பிய புகை முதலில் அவரைத்தான் சூழ்ந்தது. கீழே இறங்கியபோது பட்டுக்கரை வேட்டியில் கரை எது, கரி எது என்று தெரியவில்லை. பின்வாசலில் நின்ற அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா மகனை விட்டுவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது அட்டை 2.7.1969 அன்று எழுதப்பட்டது. என்னிடம் இருக்கிறது. "பெண் அழவில்லை. அழுதது நாங்கள்தான். பூரண சம்மதம். அடுப்பு இப்போது எப்படி எரிகிறது என்று பையன் கேட்கச் சொல்கிறான்."

நன்றாக எரிந்தது. ஆவணியில் கல்யாணச் சமையலுக்கு வெந்நீர்கூட அதில்தான் வைத்தோம்.

கல் விஷயம்தான் தீரவில்லை. கீழே இறக்கிய அன்றே அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டார். "மூணு வருசமா நான் தேடிக்கினு இருக்கற துணி தொவைக்கற கல்லு!" கூடத்து மாடத்தின் வழியாக மழை ஒழுகியது பிடிக்காமல் அப்பாதான் அதை மேலே ஏற்றினார் என்பது அம்மாவின் கட்சி. தனக்கு ஏணி என்றாலே ஆகாது என்பது அப்பாவின் கட்சி. 1974இல் ஓய்வுபெற்று அந்த வீட்டைக் காலிசெய்த நாள்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. என் டைரியைப் புரட்டிப் பார்த்தேன். 1966 அக்டோபரில் ஒரு பக்கத்தில், "கூடத்தில் ஒழுகல் நின்றது" என்று என் கையெழுத்திலேயே ஒரு வரி இருக்கிறது. எப்படி நின்றது என்று எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆகவே அந்தக் கல்லைக் கூண்டின்மேல் வைத்தது யார் என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.