பந்து வராத பக்கம்

வியர்வையில் ஊறி வெயிலில் காய்ந்த ரப்பருக்கு ஒரு வாடை உண்டு. பழைய சைக்கிள் டியூப்பும் மழையில் நனைந்த செருப்பும் ஒன்றாக மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும், அப்படி. எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டு மொட்டை மாடிக் கொடியில் மகளின் கோல்கீப்பர் கையுறைகள் தொங்கும் நாட்களில், துணி எடுக்கப் போகிற நான் பாதிப் புடவையைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றுவிடுவேன். அந்த வாடை என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிற இடம் திருச்சியில் ஒரு கல்லூரி மைதானம். சில வருடங்களுக்கு முன், பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, மே மாத வெயிலில் ஒரு சனிக்கிழமை காலை.

அன்று அங்கே பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் தேர்வானால் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும். கோல்கீப்பருக்கு ஒரே ஓர் இடம்தான். என் மகளின் மதிப்பெண்ணுக்கு அந்தக் கல்லூரி வேறு எந்த வழியிலும் கதவைத் திறக்காது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: “இது கெடைக்கலைன்னா விட்டுடறேம்மா. அப்பா சொல்ற கோர்ஸ்லயே சேந்துடறேன்.” அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தேற்றியிருப்பேன். ரசத்தைக் கிண்டியபடி, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முட்டியிலும் முழங்கையிலும் காயமில்லாமல் நான் பார்த்திராத பெண் அவள்.

என் தலைக்குள் இன்னொரு பஞ்சாயத்தும் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் ஒருவருக்குச் சிறந்த மாணவர் விருது என்று ஒரு ஷீல்டு கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். அந்த வருடம் மொத்த மதிப்பெண்ணில் முதலில் நின்றவள் வணிகவியல் பிரிவுப் பெண். அவளுக்கு ஒரு மயிரிழை பின்னால் கணிதம், உயிரியல் படித்த பையன். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கணக்கு ஆசிரியர் ஆரம்பித்தார்.

“டீச்சர், உங்க பாடத்துல நூறு வாங்கறதும் எங்க பாடத்துல நூறு வாங்கறதும் ஒண்ணா? மனசாட்சியோட சொல்லுங்க.”

“உங்க பிள்ளைங்களுக்குத் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் இருக்கு சார். எங்க பிள்ளைங்களுக்கு நாங்க மட்டுந்தான் இருக்கோம்,” என்றேன்.

அறிவியல் பிரிவின் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடலாமா என்று தலைமையாசிரியை யோசித்தார். “திங்கக்கிழமை முடிவு பண்ணலாம். டீ ஆறுது, குடிங்க” என்று எழுந்துவிட்டார். யார் சொல்வது நியாயம் என்று எனக்கே புரியாமல், அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் விடியற்காலை மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தது. அவள் கையுறைப் பையை மடியில் கட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி வந்தாள்.

மைதானத்தின் ஓரத்தில் சிமென்ட் படிகள். அவற்றின்மேல் ஒரு வேப்பமரம் கொஞ்சம் நிழல் போட்டிருந்தது. பெற்றோர் யாரும் கயிற்றைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, வெளியிலிருந்து குரல் கொடுக்கவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கு யோசனை சொல்லிக் கத்திய ஒரு அப்பாவைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியும் விட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்துப் படியில் என் வயதுப் பெண் ஒருவர். பொன்மலையில் ரயில்வே குடியிருப்பு, பணிமனையில் வேலை என்று அவராகவே சொன்னார். நானும் என் ஊரையும் வேலையையும் சொன்னேன்.

“ஸ்ரீரங்கமா? ரெண்டு பக்கமும் ஆத்துக் காத்து வாங்கின ஆளு. இந்த வெயில எப்படித் தாங்குவீங்க டீச்சர்?” என்று டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். “எடுத்துக்குங்க. புள்ளைங்க ஓடுறதப் பாத்தா நமக்குத்தான் பசிக்கும்.”

“எங்க பொண்ணு ஓடாதுங்க. கோல்கீப்பர்.”

கரண்டி பாதியில் நின்றது.

“எங்க பொண்ணும் அதேதான்.”

இரண்டு பேரும் மைதானத்தைப் பார்த்தோம். காக்கை ஒன்று கோல் கம்பத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. பிறகு அவரே சிரித்தார். “பரவால்ல, சாப்புடுங்க. சோத்துல ஒண்ணும் கலக்கல.”

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதுவும் வருத்தமாக இருந்தது.

பேச்சில் விசாரித்ததில், இரண்டு பெண்களும் மாநில அளவில் ஆடிய சான்றிதழ் வைத்திருந்தார்கள். சான்றிதழுக்கு இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான் விழும். மிச்சத்தை அன்றைய ஆட்டம்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சியாளர் வந்த பிள்ளைகளை வந்த வரிசையிலேயே நிற்க வைத்தார். வரிசையை நடுவில் வெட்டினார். முன்பாதிக்கு ஆரஞ்சு மேல்பனியன், பின்பாதிக்குப் பச்சை. அவ்வளவுதான், அணி பிரித்தாகிவிட்டது. நேரத்தை மிச்சம் பிடிக்க அவர் கண்ட வழி அது. ஆனால் விளையாட்டு விடுதி ஒன்றிலிருந்து ஒரே வேனில் வந்து இறங்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் முன்பாதியில் சேர்ந்தே நின்றிருந்தார்கள். எங்கே போனாலும் கதவு திறக்கும் முன்பே போய் நிற்கிற என் வழக்கத்தால், என் மகளும் முன்பாதி. பக்கத்துப் படிக்காரரின் மகள், அந்தப் பொன்மலைப் பெண், பச்சைக்குக் கோல்கீப்பர்.

விசில் ஊதினார்கள். ஆரஞ்சுப் பிள்ளைகள் ஒருவர் காலை இன்னொருவர் அறிந்தவர்கள். பந்து அவர்களிடமிருந்து வெளியே போகவே இல்லை. பச்சையில் ஒருத்திக்கு இன்னொருத்தியின் பெயர்கூடத் தெரியாது.

“எங்க பக்கம் ஒரு கோல்கூட விழலை,” என்றேன், வணிகவியல் ஆசிரியையின் சந்தோஷத்தோடு.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தேர்வு செய்ய வந்திருந்த இரண்டு பேரும் தங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை மெல்லத் திருப்பி, பச்சைக் கோலைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பந்தும் அங்கேதான் போனது. அங்கே அந்தப் பெண், ஆள் குட்டை, குரல் மட்டும் ஊர் அளவு, விழுந்தாள், எழுந்தாள், உதைத்தாள், மண்ணைத் துப்பினாள், தன் பக்கத்து ஆட்களைத் திட்டினாள். “ஏய், ஆளப் புடிங்கடி! எல்லாத்தையும் நானே புடிக்கவா?” படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாற்காலிக்காரர்களும் சிரித்தார்கள், பேப்பரில் எழுதினார்கள். இரண்டு கோல் உள்ளே போனது. அவள் தடுத்தவற்றின் முன்னால் அவை ஒன்றுமே இல்லை.

இந்தப் பக்கம் என் மகள். கையுறையின் பட்டையைக் கழற்றினாள், மாட்டினாள். காலால் மண்ணில் கோடு கிழித்தாள், அழித்தாள். கம்பத்துக்குக் கம்பம் நடந்தாள். அழைப்பு வந்து போன கல்யாணத்தில், யாரும் பந்திக்குக் கூப்பிடாமல் ஓரமாக நிற்கிற ஆள் மாதிரி நின்றாள். ஒரு பந்து உருண்டு வந்தது. அதையும் நடுவில் ஒருத்தி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கோல்கூட விழவில்லை என்பதில் இருந்த என் சந்தோஷம் என் கண்ணெதிரே கரைந்தது. அவள் நன்றாகப் பிடிப்பாளா மாட்டாளா என்று சொல்ல அங்கே யாருக்கும் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றாலும் கிடைக்காது. கயிற்றைத் தாண்டிப் போய்ச் சொல்லலாம் என்று கால் எழுந்தது. கேட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த அப்பா நினைவுக்கு வந்தார். உட்கார்ந்தேன்.

இடைவேளை. பிள்ளைகள் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பொன்மலைப் பெண் நேராகப் பயிற்சியாளரிடம் போனாள். அவள் பேசினால் பாதித் திருச்சிக்குக் கேட்கும், எங்களுக்குக் கேட்காமலா?

“சார், அந்தப் பொண்ணுக்குப் பந்தே வரலை சார்.”

“அதுக்கு?”

“நாங்க ரெண்டு பேரும் மாறிக்கிறோம் சார்.”

“நீ உன் வேலையப் பாரும்மா.”

“என் வேலைதான் சார் இது. அது புடிச்சு நான் பாக்கவே இல்லையே. பாக்காம நான் எப்படி சார் ஜெயிச்சேன்னு சொல்லிக்கிறது?”

பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். ஆரஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தார், பச்சைக் கூட்டத்தைப் பார்த்தார். தான் வரிசையை வெட்டிய விதம் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “சரி, பனியன மாத்திக்குங்க” என்றார்.

என் பக்கத்தில் டிபன் பாக்ஸ் படார் என்று மூடியது.

“இவளுக்கு வாய்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத வச்சுக்கிட்டுச் சும்மாவே இருக்க மாட்டா!”

“நான் வேணா போய், வேண்டாம்னு சொல்லட்டுங்களா?” என்று கேட்டேன்.

அவர் திரும்பி என் கண்ணை நேராகப் பார்த்தார். “சொல்லிருவீங்களா?”

மைதானத்தில் என் மகள் பச்சைப் பனியனைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பாதி எழுந்து கயிற்றைப் பார்த்தேன். அதற்குமேல் கால் நகரவில்லை.

“சும்மா கேட்டேன். உக்காருங்க டீச்சர்,” என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிடித்த கையை விடவே இல்லை. ஆட்டம் முழுக்க அந்தப் பிடி இருந்தது. யார் யாரைத் தாங்கினோம் என்று தெரியாது.

வந்த முதல் பந்தே என் மகளின் கையில் பட்டு நழுவி உள்ளே போனது. இரண்டாவது பந்து மூலையைப் பார்த்து வந்தது. அவள் பக்கவாட்டில் பறந்தாள். என் வீட்டில் துணி மடிக்கச் சொன்னால் நாலு தரம் கூப்பிட வேண்டிய பெண் அப்படிப் பறப்பாள் என்று எனக்குத் தெரியாது. விரல் நுனியில் தட்டி வெளியே தள்ளினாள். அதன்பிறகு அவள் வேறு ஆள். ஒருத்தி தனியாகப் பந்தோடு ஓடி வந்தபோது, கோலை விட்டு வெளியே பாய்ந்து காலடியிலேயே பந்தைக் கட்டிக்கொண்டு புரண்டாள். நாற்காலிகள் அவள் பக்கம் பார்த்து இருந்தன. எதிர்க்கோலில் வேலையில்லாமல் நின்ற பொன்மலைப் பெண், கையுறைக் கைகளைத் தட்டினாள். தலையணையை அடிப்பது போலத் தொப்பு தொப்பென்று கேட்டது.

மதியத்துக்கு முன் வேப்பமரத்தடியில் பெயர்களைச் சொன்னார்கள். கோல்கீப்பர் என்ற இடத்தில் என் மகள் பெயர். பொன்மலைப் பெண்ணைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்தார்கள். “நீயும் பிரமாதம்மா. எடம் ஒண்ணுதான் இருக்கு” என்றார் பயிற்சியாளர், தரையைப் பார்த்துக்கொண்டு. அவள் தலையாட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஷூ கயிற்றை அவிழ்த்தாள், அது அவிழ ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து வந்து என் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். “அந்த ரெண்டாவது பந்து, நானா இருந்தா விட்டுருப்பேன்டி.” முதல் நாள் இரவு அழாத என் மகள் அங்கே, அவள் தோளில், அழுதாள்.

தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மாறிக்கொள்ளக் கேட்டிருப்பாளா என்று என் மகளிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை. என்னையும் கேட்டுக்கொண்டதில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கணக்கு ஆசிரியர் மறுபடி எடை பற்றி ஆரம்பித்தபோது, ஒரு பிரிவுப் பிள்ளையை இன்னொரு பிரிவுப் பிள்ளையோடு வைத்துப் பார்க்க வேண்டாம், ஒரே பாடம் எழுதியவர்களுக்குள் பார்ப்போம், பிரிவுக்கு ஒரு விருது கொடுப்போம் என்றேன். தலைமையாசிரியை “ஒரு ஷீல்டு போதாதா, ரெண்டு வாங்கணுமா?” என்று முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். “இந்த யோசனைய எங்க புடிச்சீங்க டீச்சர்?” என்றார் கணக்கு ஆசிரியர். கால்பந்து மைதானத்தில் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இரண்டு ஷீல்டு கொடுத்ததால் உலகம் நேராகிவிடவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் இன்றும் விடைத்தாள் திருத்தும்போது, குறைந்த மதிப்பெண்ணைப் போட்ட பிறகு என் சிவப்புப் பேனா ஒரு நொடி நிற்கிறது; இந்தப் பிள்ளைக்கு என்ன பந்து வந்தது, வந்ததா முதலில், என்று என்னைக் கேட்க வைத்தவள், பெயரில் பாதியை நான் மறந்துவிட்ட அந்தப் பொன்மலைப் பெண்.

அன்று கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நால்வரும் சேர்ந்துதான் நின்றோம். பொன்மலை பஸ் முதலில் வந்தது. நன்றி என்பதா, மன்னிச்சுக்குங்க என்பதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அந்த அம்மா மகளை முதலில் ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“அடுத்த வாரம் இன்னொரு காலேஜ்ல செலக்‌ஷன் இருக்கு டீச்சர். அங்க உங்க பொண்ணு வராதுல்ல?”

“வராதுங்க.”

“அப்பச் சரி. போயிட்டு வரோம்.”