கவிழ்த்து வைத்த நாலு கார்டு

அன்பு உறவுகளுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் போடலாம் என்று முடிவானதும், "கட்டுரைய நீயே எழுது, உனக்குத்தான் வாய் நீளம்" என்றார் அண்ணி. வாய் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் பதினான்கு வருடங்களாகச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அண்ணன் மீது நம் குடும்பத்தில் ஒரு பழி உண்டு. உங்களில் பலருக்கு அது தெரியும். விசேஷ வீடுகளில் சொல்லிச் சிரித்தும் இருப்பீர்கள். அந்தப் பழி என்னுடையது. அதை அவர் பேரிலிருந்து எடுத்து என் பேரில் போட்டுக்கொள்ளத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

முறைப்படி பிறந்த ஊரிலிருந்து தொடங்குகிறேன். அண்ணன் பிறந்தது கருங்குழியில். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அது பத்தாமல் மினி லாரியும் ஓட்டினார். அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. மேலே படிக்க ஆசை இருந்தும் ஒரு வார்த்தை பேசாமல், செங்கல்பட்டில் ஒரு கலர் லேப்பில் வேலைக்குச் சேர்ந்தார். யார் யாரோ எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுக் கவரில் போடுவதுதான் வேலை. "டெய்லி நாலு ஊரு கல்யாணம் பாக்கறேன்மா, சோறுதான் போட மாட்றானுங்க" என்று அம்மாவிடம் சொல்வார். அங்கேதான் எது நல்ல படம், எது வெறும் படம் என்று அவருக்குப் பிடிபட்டது.

சில வருடங்களில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். முன்னால் கடை, பின்னால் எங்கள் வீடு. காலையில் பாஸ்போர்ட் படக்காரர்கள் வருவார்கள். வேலைக்கு மனுப் போடுகிறவர், ரேஷன் கார்டுக்கு அலைகிறவர், பொத்தேரி ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் கேமராவைக் கண்டதும் விறைத்துப் போவார்கள். அண்ணன் யாரையும் "சிரிங்க" என்று சொன்னதே இல்லை. "காலைல இன்னா நாஸ்தா?" என்று கேட்பார். அவர்கள் யோசித்துவிட்டு "இட்லி" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படம் எடுத்துவிடுவார். செங்கல்பட்டில் பாதிப் பேருடைய அடையாள அட்டையில் இருப்பது காலைப் பலகாரத்தை நினைத்துக்கொண்டிருக்கும் முகம்தான்.

விசேஷம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கிளம்பிவிடுவார். கடற்கரைக் கோயிலை அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. "அத்த எடுக்கறதுக்கு பஸ் பஸ்ஸா வராங்க, நான் வேற எதுக்கு?" என்பார். சிற்பக்கூடத்து வாசலில் கல்தூசி படிந்து கிடக்கும் செருப்புகள், படகு நிழலில் தூங்கும் நாய், குல்ஃபி வண்டிக்காரர் தனக்கே ஒன்று எடுத்துச் சாப்பிடும் நேரம், இப்படித்தான் அவர் கண் போகும்.

தேவனேரி மீனவர் கஜேந்திரன், அண்ணனின் உயிர் நண்பரானதும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கேட்காமல் படம் எடுத்ததற்காக முதலில் கஜேந்திரன் சண்டைக்கு வந்தாராம். அடுத்த வாரம் பிரிண்டைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார் அண்ணன். அதில் வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் இரண்டு கைகள் மட்டும்தான்.

"இன்னா அண்ணாத்த, என் மூஞ்சி எங்க?"

"மூஞ்சி எல்லார்கிட்டயும் கீது. இந்தக் கை உன்கிட்டதான் கீது."

அந்தப் படம் இன்றும் கஜேந்திரன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மீன் வராத ஞாயிறு குறைவு.

இப்போது கார்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். முதலில் மாப்பிள்ளையின் தங்கை சுமதிக்கு ஆவணியில் கல்யாணம், பிறகு தையில் எங்களுக்கு என்று பேச்சு. சுமதி கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் பொறுப்பு அண்ணனுக்கு. சம்பந்தி வீட்டு வேலை என்பதால் உதவிக்குக்கூட யாரையும் வைத்துக்கொள்ளாமல் அவரே ஓடியாடி எடுத்தார். வீடியோ விளக்கு கண்ணைக் கூசும் என்று என் மாமனார் வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கேமராவில் போடும் கார்டுகளை அண்ணன் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் வரிசையாக வைப்பார். நிமிர்த்தி வைத்திருந்தால் படங்களை இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. கவிழ்த்து வைத்திருந்தால் ஏற்றியாயிற்று, அழித்துவிட்டு அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கடையில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் இது. கம்ப்யூட்டர் வேலை பார்த்த எனக்கு நன்றாகவே தெரியும்.

முகூர்த்தம் முடிந்த அன்று மத்தியானம் நாலு கார்டில் இரண்டை ஏற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அசதியில் படுத்துவிட்டார். மீதி இரண்டும் நிமிர்ந்து கிடந்தன. நான் மேசையைத் துடைக்கப் போனேன். காதில் போன். பேசிக்கொண்டிருந்தது எனக்கு நிச்சயமானவர், அதாவது இன்றைய என் கணவர். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள், ஒன்றும் பெரிதாக இல்லை. பேச்சு மும்முரத்தில் கார்டுகளை எடுத்து, மேசையைத் துடைத்து, நாலையும் அழகாகக் கவிழ்த்து அடுக்கி வைத்தேன்.

மறுநாள் காலை திருக்கழுக்குன்றத்தில் ஒரு காதுகுத்து. மீதி இரண்டையும் நான் ஏற்றிவிட்டேன் என்று நினைத்த அண்ணன், நாலு கார்டையும் எடுத்துப்போய், அழித்துவிட்டு, அவற்றின் மேலேயே காதுகுத்து முழுவதும் எடுத்துவிட்டார். அதற்கு மறுநாள் சுமதியின் ஆல்பத்துக்கு உட்கார்ந்தபோது நலங்கு இருந்தது, வரவேற்பு இருந்தது. தாலி கட்டியது இல்லை. சென்னையில் இரண்டு கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மேலே வேறு படம் ஏறிவிட்டதால் ஒன்றும் மீளவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அவங்க வூட்டுக்குப் போய் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார்.

கார்டு கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். போட்டோகிராபர்கள் சொல்வதுதான். அண்ணன் என் மாமியார் எதிரில் நின்று, "என் கையாலதான் அழிச்சிட்டேன்மா" என்றார். யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு பொய்யும் இல்லை. அழித்தது அவர் கைதான்.

அத்தைக்கு ஒரே பெண். அழுதார், பிறகு பேசினார். தெருவே கூடிவிட்டது. "ஒரு கல்யாணத்த ஒழுங்கா எடுக்கத் துப்பில்ல, இந்த வூட்ல பொண்ணு எடுக்கணுமா? சம்பந்தமே வேணாம்" என்றார். மாமாதான் குறுக்கே வந்தார்.

"அண்ணன்காரன் பண்ணதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும் பாவம்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன், "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் கல்யாணம் நின்றது. அதாவது நிற்காமல் நிலைத்தது. திரும்பி வரும்போது பைக்கை ரயில்வே கேட் அருகே நிறுத்திச் சொன்னார்: "பாப்பா, வாயத் தொறக்காத. நீ அந்த வூட்ல வாழணும். நான் எப்பனா ஒரு வாட்டி போய் வர்றவன்." நானும் திறக்கவில்லை. பயம்தான், வேறு என்ன சொல்ல. கோழை என்று என்னை நீங்கள் சொல்லலாம். பதினான்கு வருடமாக நானே சொல்லிக்கொள்வதுதான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. பத்திரிகை கொடுத்த வீடுகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, லேப்டாப்பும் கேபிளுமாக ஒவ்வொரு வீடாகப் போனார். "உங்க போன்ல சுமதி கல்யாணப் படம் கீதா?" என்பதுதான் கேள்வி. மறைமலை நகரில் வேலைக்குப் போகிறவர்களை ஷிப்ட் முடியும் நேரத்தில் பிடித்தார். சமையல்காரரைக் கருங்குழியில் தேடிக் கண்டுபிடித்தார். அவர் போனில் அடுப்படி வாசலிலிருந்து எடுத்த ஒரு படம், தூண் மறைவில் அத்தை தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வது. குழந்தைகள் எடுத்ததில் பந்திக்கு அடியில் கால்கள், உதிர்ந்த மல்லிகை. அண்ணனுக்கு ஒவ்வொன்றும் அதிசயமாக இருந்தது. தான் நின்ற இடத்திலிருந்து இதெல்லாம் தெரியவே இல்லையே என்று சொல்லிச் சொல்லிக் காட்டினார்.

ஆனால் தாலி கட்டும் படம் மட்டும் கிடைக்கவில்லை. பாதிப் பேர் கையில் அட்சதை இருந்ததால் போனை எடுக்கவில்லை. மீதிப் பேர் எடுத்திருந்தார்கள், எல்லாப் போனிலும் நடுவில் ஒரே ஒரு முதுகு. அண்ணனின் நீலச் சட்டை முதுகு. மாப்பிள்ளையையும் மணப்பெண்ணையும் முழுசாக மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். "பாப்பா, வந்தவங்க யாருமே தாலி கட்டுறத பாக்கல. என் முதுகத்தான் பாத்துருக்காங்க" என்றார்.

கடைசியில் சுமதி மாப்பிள்ளையின் சித்தி மகன், பொத்தேரியில் படிக்கிறவன், நாற்காலி மேல் ஏறி எடுத்த ஒரு படம் கிடைத்தது. கொஞ்சம் ஆடியிருந்தது. ஆனால் மூன்றாம் முடிச்சும், குனிந்த சுமதியும், பறந்துகொண்டிருக்கும் அரிசியும் அதில் இருந்தன. அதை முதல் பக்கத்தில் வைத்து ஆல்பம் போட்டுக் கொடுத்தார். சுமதி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அத்தை மட்டும், "என்ன இருந்தாலும் ஊரான் போன்ல எடுத்ததுதானே" என்றார்.

அன்றிலிருந்து எந்த முகூர்த்தத்திலும் அண்ணன் மேடைக்கு நடுவில் நின்றதில்லை. கெட்டிமேளம் என்றதும் ஓரமாக மண்டி போட்டுவிடுவார். வந்தவர்கள் எல்லாருக்கும் தாலி தெரியும். "குந்துற போட்டோகிராபர் வேணும்" என்று கல்பாக்கத்திலிருந்தும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளிடமிருந்தும் தேடி வந்தார்கள். அடுப்படியையும் செருப்பு விடும் இடத்தையும்கூட எடுத்தார். அவருடைய நல்ல படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவைதான். என்னால் நடந்த ஒரே நல்ல காரியம் அது என்று சொல்லித் தேற்றிக்கொள்வேன்.

என் வீட்டில் மட்டும் பேச்சு ஓயவில்லை. என் வளைகாப்பு, பிள்ளைகளின் பிறந்தநாள், கிரகப்பிரவேசம், எதற்கு அண்ணன் வந்தாலும் அத்தை எல்லார் எதிரிலும் கேட்பார்: "இன்னா தம்பி, கார்டு பத்திரமா கீதா?" அண்ணன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் தட்டி, "கீதுமா" என்பார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

கடைசி இரண்டு வருடங்கள் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அங்கேயும் நர்சுகளிடம் காலை நாஸ்தா கேட்டுப் படம் எடுத்துக்கொடுத்தார். அத்தை பார்க்க வந்த அன்று, "இன்னிக்குச் சொல்லிடறேன் அண்ணா" என்றேன். "விடு பாப்பா. அந்தம்மாவுக்குப் பேச ஒரு விஷயம் வேணும்ல" என்று கண்ணடித்தார். அடுத்த வாரம் ஒரு காலை வேளையில், அண்ணி கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போய்விட்டார்.

காரியத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் யாரோ, "தங்கமான மனுஷன். அந்தக் கார்டு விஷயம் ஒண்ணுலதான் கோட்ட விட்டுட்டான்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். இறந்த பிறகும் என் தப்பை அவர் சுமக்க வேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்கள். டயாலிசிஸ் நாட்களில் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திக் காத்திருந்த பக்கத்துத் தெரு குமார், ரத்தம் கொடுத்த பொத்தேரி மாணவர்கள், ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், ஸ்டூடியோவைப் பூட்டாமல் நடத்திவரும் அண்ணியும் அவர்கள் மகளும், இன்றும் ஞாயிற்றுக்கிழமை மீனோடு வரும் கஜேந்திரன் அண்ணன், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தையிடம் படித்துக்காட்டினேன். வெளியிலிருந்து அவர் தெரிந்துகொள்வது முறையில்லை. முழுவதும் கேட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னிடம் பேச்சே இல்லை. காபியைக்கூட லீவுக்கு வந்திருந்த சுமதியின் மகள் மூலம்தான் கேட்டார். மூன்றாம் நாள் காலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட அப்புறமா பேசிக்கிறேன். இப்ப பேப்பர எடு. நான் சொல்றத அப்படியே எழுது. மாத்தினா பாரு."

மாற்றவில்லை. அவர் சொன்னதைக் கீழே தருகிறேன்.

"தம்பி, பதினாலு வருஷமா உன்ன நாலு பேரு எதிர்ல வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீ ஒரு நாள் திருப்பிப் பேசல. எம் மருமவ நல்லா வாழணும்னு தாங்கினு இருந்துருக்க. தப்பு உன்னுது இல்லப்பா. பேசுன பேச்சு என்னுது. எத்தினி பேரு எதிர்ல பேசினேனோ, அத்தினி பேரும் படிக்கட்டும். என்ன மன்னிச்சுடு.

— சரோஜா, சிங்கப்பெருமாள் கோயில்."