நேற்று மட்டும் பதினேழு பேர்

பெரியக்காவுக்கு எந்தப் படத்தின் மீதும் தனிப்பட்ட பகை இருந்ததில்லை. பத்தொன்பது வருடமாக அந்தத் திரையரங்கின் மூன்றாம் அரங்கைக் கூட்டித் துடைக்கிறவள். வந்த படங்கள் எல்லாவற்றிலும் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும், வாளியும் துடைப்பமுமாகக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். யார் யாரையோ சேர்த்து வைப்பார்கள், யார் யாரையோ சுட்டுத் தள்ளுவார்கள். விளக்குப் போட்டதும் அவள் உள்ளே இறங்கிவிடுவாள். அவளுடைய வயிற்றெரிச்சலை இப்படிக் கொட்டிக்கொண்டது இந்த ஒரு படம்தான்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று நண்பர்கள் கையில் ஒரு கேமராவோடு பாழடைந்த சுரங்கத்துக்குள் போகிறார்கள். உள்ளே ஒரு மிருகம். ஆட்கள் திரும்பவில்லை, கேமரா மட்டும் கிடைத்தது, அதில் பதிவானதைத்தான் பார்க்கப்போகிறீர்கள் என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஓடுகிறவன் கையில் கேமரா எப்படி ஆடுமோ அப்படித் திரை முழுக்க ஆடும். பின்வரிசைக்காரர்களுக்கு அது பயம். அண்ணாந்து பார்த்து உட்கார்ந்திருக்கும் முதல் நான்கு வரிசைக்காரர்களுக்கு அது தலைசுற்றல். அந்தத் தலைசுற்றல் எங்கே போய் முடிந்தது என்று பெரியக்காவின் வாளியைக் கேட்டால் தெரியும்.

முதல் நாள் முதல் காட்சியிலேயே நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினெட்டு நிமிடம். பெரியக்கா இடது பக்கம், அவள் நாத்தனார் வலது பக்கம். மேல் வரிசையில் ஆரம்பித்து, குப்பையைக் கீழே தள்ளிக்கொண்டே வந்து, முன்வரிசையின் நடுவில் இருவரும் சந்திக்க வேண்டும். வாந்தி என்றால் முதலில் மரத்தூளைத் தூவ வேண்டும், அது ஈரத்தை இழுத்த பிறகு அள்ள வேண்டும், பிறகு பினாயில். அவசரப்பட்டால் நாற்றம் போகாது. அன்றிலிருந்து மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கரைந்தது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். சாப்பாடு போடுகிறேன், வீட்டோடு கிட என்று அண்ணன் சொன்னபோது, கிடக்க மாட்டேன் என்று சொன்னவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது பெரியக்காதான். வீட்டில் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பதா நிமிர்த்தி வைப்பதா என்று இரண்டு பேரும் நாள் கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அரங்குக்குள் வந்துவிட்டால் ஒருத்தி கை நீட்டும் முன்பே மற்றவள் வாளியை நகர்த்தி வைப்பாள்.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் மேனேஜர் வாசற்படி வரை வருவார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எத்தனை என்று கேட்பார். படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வைக்கமாட்டார். பெரியக்காவும் பொறுப்பாக எண்ணிச் சொன்னாள். முதல் நான்கு வரிசைகளை மூடப்போகிறார், இல்லையென்றால் காகிதப் பைகளாவது வாங்கப்போகிறார் என்று நம்பினாள். மனுஷன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று நாத்தனாரிடம் மெச்சிக்கூடச் சொன்னாள்.

புதன்கிழமை காலையில் டிக்கெட் கவுன்டர் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். வரிசையில் நிற்பவர்களின் கண்ணில் படும்படி ஒரு வெள்ளைப் பலகை. அதில் கறுப்பு மையில் கொட்டை எழுத்து: ‘நேற்று மட்டும் பதினேழு பேர் தாங்கவில்லை. உங்களால் முடியுமா?’

அது அவள் எண்ணிச் சொன்ன பதினேழு. இளவட்டங்கள் அந்தப் பலகை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, முன்வரிசைதான் வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குனிந்து அள்ளியது அவள், விளம்பரம் அவருக்கு. அதைவிட, அவரை மெச்சிய தன் வாயை நினைத்துத்தான் அதிகம் எரிந்தது.

கூட்டம் கூடவே, மேனேஜர் ஒரு காட்சியைச் சேர்த்தார். பதினெட்டு நிமிடம் பன்னிரண்டு ஆயிற்று. வியாழக்கிழமை மதியம் பினாயில் காய்வதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு வழிவிட ஒதுங்கிய நாத்தனார் ஈரப்படியில் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மேல் வரிசையிலிருந்து பெரியக்கா ஓடி வருவதற்குள் அவளைச் சுற்றி ஆறேழு பேர். ஒருவன்கூட அவளைத் தூக்கவில்லை. முதலில் நின்றவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பார்த்து நடந்திருக்க வேண்டும் என்றார் மேனேஜர். மாவுக்கட்டோடு ஆறு வாரம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டதும், திங்கட்கிழமை அவள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார். அன்று வீட்டில் நாத்தனார் அழவில்லை. இடது கையால் பாத்திரங்களைக் கழுவி, பெரியக்கா சொல்கிறபடியே கவிழ்த்து வைத்தாள். சண்டை போடவேண்டியவள் இப்படி அடங்கிப் போனதைப் பெரியக்காவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமை முதல் காட்சிக்கு, முகப்பைத் துடைக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பார்க்கப் பார்க்கக் கோபம்தான் ஏறியது. மூன்று நாளாக ஓடுகிறார்கள், கேமராவுக்குச் சார்ஜ் இறங்கவில்லை. இவள் போன் மதியத்துக்குள் செத்துவிடும். மிருகம் மொத்தமாகப் பத்து விநாடிகூட வரவில்லை. ஒரு வால், ஒரு கண், பாறையெல்லாம் ஒழுகும் கொழகொழப்பு. இதை யார் கழுவுவது என்று அவளுக்குத் தோன்றியது. நடுவே ஒருத்தன் குழிக்குள் விழுந்து, கால் மடங்கி, கையைக் கொடு, கையைக் கொடு என்று கதறுகிறான். மேலே நிற்கும் நண்பன் குனிந்து, அவன் முகத்தைக் கிட்டத்தில் படம் எடுக்கிறான்.

“கேமராவைக் கீழ வச்சிட்டுக் கையைக் கொடுடா” என்று பெரியக்கா சத்தமாகவே சொல்லிவிட்டாள். அரங்கே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஈரப்படியில் கிடந்த நாத்தனாரின் முகம்தான் திரையில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் வந்தது. கைவிளக்கு விழுந்து உடைகிறது. மீதி இருவரும் குறுகலான வழியில் விழுந்தடித்து ஓடுகிறார்கள். அவளுக்கே குடலைப் புரட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் திறந்தாள். கேமரா நின்றிருந்தது, வயிறும் நின்றிருந்தது. பக்கத்து இருக்கைக்காரன் மட்டும் குனிந்து கிடந்தான். நான்கு நிமிடம், அவ்வளவுதான். வாரம் முழுக்க இரண்டு பெண்களின் முதுகை ஒடித்தது அந்த நான்கு நிமிடம்.

அடுத்த காட்சி தொடங்கும் முன் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

“முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க கேட்டுக்கோங்க. கைவிளக்கு கீழ விழுந்து உடையும். உடனே கண்ணை மூடிக்கோங்க. தண்ணி சத்தம் கேட்டதும் திறங்க. நடுவுல எதையும் விட்டுட மாட்டீங்க, அங்க ஒரு மண்ணும் தெரியாது. நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.”

கை தட்டினார்கள், கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த இடம் வந்தபோது பாதிப் பேர் மூடினார்கள். அந்தக் காட்சியில் வாந்தி எடுத்தது இரண்டு பேர்தான். அதற்கடுத்த காட்சியில் ஒருவர்கூட இல்லை. படம் பார்த்துவிட்டுப் போனவர்களே வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி முடிந்து மேனேஜர் படிக்கு வந்து கேட்டபோது, ஒன்றுமில்லை என்றாள். அவர் நம்பவில்லை. உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

மதியம் அவள் முகப்புக்கு வந்தபோது பலகையில் புது எழுத்து: ‘இன்று காலை மட்டும் இருபத்திரண்டு பேர்.’

பெரியக்கா பலகை முன்னால் வாளியை இறக்கி வைத்தாள். வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தாள். வரிசை முழுக்கப் பார்த்திருக்க, பலகையை மேலிருந்து கீழாகத் துடைத்தாள். மூலையில் ஒட்டியிருந்த மையைக்கூட விடவில்லை. மேனேஜர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். யாரைக் கேட்டு இதைச் செய்தாள் என்று கத்தினார்.

“அழுக்கைத் துடைக்கிறதுதான் சார் என் வேலை” என்றாள். “இருபத்திரண்டு பேர் வாந்தி எடுத்திருந்தா அதை அள்ளினது நானா நீங்களா? காலையில ஒருத்தர்கூட எடுக்கலை.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு பெண் போனை எடுத்தாள். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, உள்ளே வந்து பேசச் சொன்னார். பெரியக்கா நகரவில்லை.

“இங்கயே சொல்லிடறேன். என் நாத்தனார் நாளைக்கு வருவா. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வாசல்ல உட்கார்ந்து காகிதப் பை கொடுப்பா. பன்னிரண்டு நிமிஷம் மறுபடியும் பதினெட்டு ஆகணும். முடியாதுன்னா நீங்க எழுதிக்கிட்டே இருங்க, நான் துடைச்சுக்கிட்டே இருக்கேன்.”

மேனேஜர் வரிசையைப் பார்த்தார், தன் பக்கம் திரும்பியிருந்த போனைப் பார்த்தார். சரி சரி என்று வாய்க்குள் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரியக்காவுக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அரங்குக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை நாத்தனார் மாவுக்கட்டோடு வந்தாள். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் பைகளை நீட்டினாள். கிளம்பும் முன் வீட்டில் பாத்திரங்களை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தாள். பெரியக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

அன்று முதல் காட்சியில் வீம்புக்குக் கண்ணைத் திறந்துவைத்திருந்த ஒருவன் இரண்டாம் வரிசையை நாசம் செய்துவிட்டான். படம் முடிந்ததும், பழக்கதோஷத்தில் மேனேஜர் கைக்குட்டையோடு படிக்கு வந்து, எத்தனை என்று கேட்டார்.

பெரியக்கா வாளியை அவர் கையில் கொடுத்தாள். மரத்தூள் டப்பாவை அதன் மேல் வைத்தாள்.

“உள்ள போய் நீங்களே எண்ணிக்கிட்டு வாங்க சார்.”

நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, இடது கையால் ஒரு காகிதப் பையை அவரிடம் நீட்டினாள்.