சீம்பால் போன தூக்குவாளி

கிராணி வீட்டுக்குச் சீம்பால் போன எவர்சில்வர் தூக்குவாளி இருபத்தைந்து ஆண்டுகள் திரும்பி வரவில்லை. மூடியில் அம்மா ஆணியால் கீறிய பிறை ஒன்று உண்டு. தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லார் வீட்டு வாளியும் ஒரே மாதிரி இருந்ததால் அந்த அடையாளம். எங்கள் பசு செவலை கன்று போட்டதும் முதல் பால் கிராணிக்குத்தான் போனது. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களின் பேர் போடுகிற கணக்கர் அவர்; பகைத்துக்கொள்ள முடியுமா?

அடுத்த நாள் செவலை நடுங்கி விழுந்தது. கிராணி பத்திரிகையோடு கொட்டகைக்கு வந்தார். "இது பைத்திய மாட்டு நோய்லா. மனுசனுக்கும் தொத்தும். இன்னிக்கே கொன்னு எரிச்சிரணும்" என்றார். தோட்டத்து மேலாளர் துரையும் தலையாட்டிவிட்டார். அம்மா கிராணியின் காலில் விழுந்தார். அவர் காலை இழுத்துக்கொண்டார். அன்றே செவலையைக் கொன்று எரித்தார்கள். மூன்றே மாதத்தில், கொட்டகை இருந்த இடத்தில் அவருடைய முட்டைக்கோஸ் விளைந்து நின்றது. அம்மா சாகும்வரை பாலில்லாத தேநீர்தான் குடித்தார். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

வயிற்றெரிச்சலோடு படித்தேன். இன்று அதே நோயை ஆராயும் ஆய்வகத்தில் வேலை. அதற்குக் காரணம் கிருமி அல்ல, பிரியான் என்னும் மடிப்பு மாறிப்போன புரதம். ஆட்டுக்கும் இதே வகை நோய் உண்டு. நோய்ப்பட்ட ஆட்டின் மூளையை உப்புநீரில் அரைத்து எலியின் மூளைக்குள் செலுத்திவிட்டுக் காத்திருப்போம். வேறு இனம் என்பதால் முதல் எலி ஒன்றுமே ஆகாததுபோல் ஆயுளை முடித்துவிடலாம். அதன் மூளையை இன்னொரு எலிக்குச் செலுத்தினால், அது சீக்கிரமே தள்ளாடும். காத்திருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. எனக்கு அது ஏற்கெனவே பழகியது. மாடுகளுக்கு இந்நோய் வந்தது எலும்புத்தூள் கலந்த தீவனத்தால். செவலை தின்றதோ மலைப்புல். கன்று ஈன்ற பசுவுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வரும் நடுக்கம்தான் அதற்கு வந்தது. ஓர் ஊசியில் எழுந்து நின்றிருக்கும்.

சென்ற விடுப்பில் கிராணி என்னை ரிங்லெட் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். அவரது வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. வயசு நடுக்கம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை.

"அந்த மாட்டுச் சீம்பால நான் தின்னேம்மா. இத்தன வருசம் கழிச்சு வருமா?"

"மனுசனுக்குள்ள பல வருசம் பேசாம இருக்கும்யா."

"பால்ல கூடவா?"

"ஆட்டுப் பால்ல குட்டிக்குப் போயிருக்கு."

உள்ளே போய் வாளியை எடுத்துவந்தார். "இத நல்லா கொதிக்க வச்சா?"

"எஃகுல ஒட்டினா கொதிக்கிற தண்ணிக்கும் போகாது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நோய்மூளையில் தோய்த்த எஃகுக் கம்பியை உடம்பில் வைத்தாலே எலிக்கு நோய் வந்துவிடும். பிறகு நிதானமாகக் கேட்டேன்: "செவலைக்கு அந்த நோய்தானாய்யா? நீங்கதானே பாத்துச் சொன்னீங்க?"

அன்று பொய் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அங்கேயே அவர் பயத்தைத் தீர்த்துவைத்திருப்பேன். அவர் நடுங்கும் கையை மற்றக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "அந்த நோய்தான்" என்றார்.

"அப்ப பொறுத்துத்தான் பாக்கணும்யா" என்று எழுந்தேன். வாளியை வீட்டில் வைத்திருக்கவே பயமாயிருக்கிறது, கொண்டுபோய்விடு என்று கெஞ்சினார்.

கொண்டுவந்துவிட்டேன். மூடியில் பிறை அப்படியே இருக்கிறது. இன்று காலையும் அதில்தான் பால் வாங்கிவந்து, தேநீரில் தாராளமாக ஊற்றிக் குடித்தேன்.